குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: ரெண்டு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுற ரெவ்யூ

காடு அழியுதுன்னு ஒரு செய்தி வர்றப்ப எல்லாம் எனக்கு மூணு கேள்வி வரும். எங்க அழிஞ்சுது, எவ்ளோ அழிஞ்சுது, அங்க இருந்த ஜீவனெல்லாம் என்ன ஆச்சு. செய்தில பெரும்பாலும் மூணுக்குமே பதில் இருக்காது, வெட்டிப்போட்ட மரத்தோட போட்டோ ஒண்ணும் அதுக்குக் கீழ நாலு வரியும் இருக்கும், அவ்ளோதான். முதல் ரெண்டு கேள்விக்கும் உக்காந்த இடத்துலயே பதில் பாக்கலாம்னா அது குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்லதான். ரெண்டு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவயாச்சும் அத திறந்து பாத்துட்டு இருக்கேன். மூணாவது கேள்விக்கு அந்த மேப் பதில் சொல்றதில்ல. சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டு நிறைய பேர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு "பச்சை கூடிருக்கு, விலங்கெல்லாம் பொழச்சுது"ங்கறாங்க, இல்லன்னா "எல்லாம் முடிஞ்சுது"ங்கறாங்க. ரெண்டையும் பாக்குறப்ப மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட்ங்கற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு 2014ல ஆரம்பிச்ச ஆன்லைன் மேப் இது. உள்ள இருக்குற முக்கியமான டேட்டா அமெரிக்காவுல மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல மேத்யூ ஹான்சன் டீம் பண்ணது, 2013ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. 2000ல இருந்து 2012க்குள்ள உலகத்துல 23 லட்சம் சதுர கிலோமீட்டர் மரப்போர்வை போயிருக்கு, திரும்பி வந்தது 8 லட்சம்தான்னு அப்பதான் முதல் தடவையா ஒரே அளவுகோல்ல தெரிஞ்சுது. லேண்ட்சாட் சாட்டிலைட் படங்கள 2008ல எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டாங்க, அது மட்டும் நடக்கலன்னா இந்த மேப்பே கிடையாது. மேப்ப பாக்க காசும் வேணாம், லாகினும் வேணாம். தமிழ்ல இல்ல, அது ஒரு குறை, ஆனா பட்டன்கள் கம்மிதான், ஒரு மணி நேரம் நோண்டுனா பிடிபட்டுடும்.

வேலை செய்யற விதம் இதுதான். பூமிய 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டமா பிரிச்சிருக்காங்க, 900 சதுர மீட்டர், நம்ம கணக்குல சுமார் 22 சென்ட். ஒவ்வொரு கட்டத்துலயும் 5 மீட்டர் உயரத்துக்கு மேல வளந்த மரம் 2000ல எவ்ளோ மூடி இருந்துச்சுன்னு பச்சைல காட்டும், அது எந்த வருஷம் காணாம போச்சுன்னு பிங்க்ல காட்டும். இந்த ஒரு வாக்கியத்த நல்லா மனசுல வச்சுக்குங்க, ஏன்னா நான் சொல்லப்போற பாராட்டும் குறையும் எல்லாமே இதுக்குள்ளதான் இருக்கு. அது மரத்த அளக்குது. காடுங்கற வார்த்தை அந்த அளவுல எங்கயும் இல்ல, வாழிடம்ங்கற வார்த்தை சுத்தமா இல்ல.

நான் முதல்ல உக்காந்து பொறுமையா பாத்த இடம் இந்தோனேஷியாவோட சுமத்ரா தீவுல ரியாவ் மாகாணத்துல இருக்குற தெஸ்ஸோ நிலோ தேசியப் பூங்கா. 2004ல பூங்காவா அறிவிச்சாங்க, சுமத்ரா யானைக்கும் புலிக்கும் முக்கியமான தாழ்நிலக் காடு அது. பாதுகாக்கப்பட்ட பகுதிங்கற லேயர ஆன் பண்ணி பூங்கா எல்லைய க்ளிக் பண்ணிட்டு கீழ இருக்குற வருஷக் கோட்டுல ப்ளே அழுத்துனேன். எல்லைக் கோடு அப்படியே நிக்குது, உள்ள பிங்க் பரவிக்கிட்டே வருது, கொஞ்ச நேரத்துல பூங்காவோட பெரும்பகுதி பிங்க் ஆயிடுச்சு. சத்தமே இல்லாம சில விநாடில முடிஞ்சுடுது. சட்டப்படி பூங்கா இன்னும் அதே இடத்துலதான் இருக்கு, நிலம் மட்டும் எண்ணெய்ப்பனைத் தோட்டமா மாறிப்போச்சு. நான் அத மூணு தடவ திரும்பத் திரும்ப ஓட விட்டேன், மூணாவது தடவ எல்லைய பாக்கல, எந்தப் பக்கத்துலருந்து உள்ள வருதுன்னு மட்டும் பாத்தேன். அப்படிப் பாத்தாதான் இந்த மேப்போட அருமை தெரியும். நாலு பேர் சொல்லி நாம கேட்டுக்குற விஷயமா இருந்தது, நம்ம கண்ணாலயே பாத்த விஷயமா ஆயிடுது.

ஆனா யானைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா இங்கதான் கவனமா இருக்கணும். சுமத்ரா முழுசுக்கும் எத்தன சதவீதம் போச்சுன்னு ஒரு கிராஃப் வரும், அத மட்டும் பாத்தா "பரவால்ல, இன்னும் நிறைய பச்சை இருக்கே"ன்னு தோணும். அந்தப் பச்சைல பெரிய பங்கு மேற்குப் பக்கத்து மலைத்தொடர்ல இருக்கு. யானைக்கு வேணும்ங்கறது சமமான தாழ்வான நிலம், ஆத்தோரம், சரிவு கம்மியான இடம். எண்ணெய்ப்பனைக்கும் அதே நிலம்தான் வேணும். அதனால தீவோட சராசரி ஒரு கணக்கு சொல்லும், யானையோட கணக்கு வேற மாதிரி இருக்கும். ஒரே தலைமுறைல, அதாவது சுமார் 25 வருஷத்துல, தன்னோட வாழிடத்துல கிட்டத்தட்ட 70% போச்சுங்கற காரணத்தாலதான் 2011ல அத மிக அருகிய இனம்னு சிவப்புப் பட்டியல்ல, அதாவது எந்த ஜீவன் எவ்ளோ ஆபத்துல இருக்குன்னு சொல்ற உலகப் பட்டியல்ல, மேல ஏத்துனாங்க. இந்த வித்தியாசத்த மேப் தானா எடுத்துச் சொல்லாது. நாமதான் தாழ்நிலத்த மட்டும் சுத்தி கோடு போட்டு பாக்கணும், வரையறதுக்கு டூல் இருக்கு, விரலால கோடு இழுத்து மூடுனா அந்த இடத்துக்கு மட்டும் தனி கணக்கு கொடுத்துடும். எனக்கு இதுல பிடிச்சதுலயே பிடிச்சது இந்த டூல்தான்.

இன்னொண்ணு, எண்ணெய்ப்பனை வளந்தா 5 மீட்டர தாண்டிடும். தாண்டுனா அதுவும் மரப்போர்வைதான். காட்ட வெட்டுனப்ப பிங்க் விழும், அந்த இடத்துலயே பனை வளந்து நின்னா கூடுனதா காட்டுற லேயர்ல வரலாம், கழிச்சு கூட்டிப் பாத்தா சமம் ஆன மாதிரி இருக்கும். அங்க இருந்த பழ மரம், கொடி, அழுகுன கட்டை, அதுல இருந்த பூச்சி, எதுவும் திரும்பி வரல. அதே மாதிரி பழைய தோட்டத்த அறுத்துட்டு மறுபடி நடறாங்கன்னா அதுவும் பிங்க்தான், அங்க காடே இல்லாம போய் முப்பது வருஷம் ஆகிருக்கலாம். இத குறைன்னு மட்டும் சொல்லி விட மாட்டேன், ஏன்னா அவங்களே அத தெளிவா எழுதி வச்சிருக்காங்க, மரப்போர்வை இழப்புன்னா காடழிப்புன்னு அர்த்தம் இல்லன்னு. ஈரமான வெப்பமண்டலத்துக்கு 2001ல ஆதிக்காடு, அதாவது சமீபத்துல முழுசா வெட்டப்படாத பழைய இயற்கைக் காடு, எங்கெங்க இருந்துச்சுன்னு தனி லேயர் இருக்கு, நட்டு வளத்த தோட்டத்துக்கு தனி லேயர் இருக்கு. ரெண்டையும் ஆன் பண்ணாம யாரும் ஒரு நம்பர் கூட வெளிய சொல்லக்கூடாதுங்கறது என் அபிப்ராயம். 2024ல வெப்பமண்டல ஆதிக்காடு 67 லட்சம் ஹெக்டேர் போச்சு, முந்தின வருஷத்தோட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுல பாதிக்கு பக்கம் தீயாலன்னு வந்த கணக்கு இந்த மாதிரி ஆதிக்காட்ட மட்டும் பிரிச்சு எடுத்ததுதான், அதனாலதான் அந்த நம்பருக்கு அவ்ளோ கனம்.

இப்ப இதுக்கு நேர் எதிரான ஒரு கேஸ். வரையாடு. அதோட பேர்லயே அதோட வீடு இருக்கு, வரைன்னா மலை, பாறைச் சரிவு. மேற்குத் தொடர்ச்சி மலையோட உச்சில இருக்குற புல்வெளியும் அதுக்குப் பக்கத்துல இருக்குற செங்குத்துப் பாறையும்தான் அதுக்கு உலகம், புல்லு மேய, ஆபத்து வந்தா பாறைல ஏறிக்க. அந்தப் புல்வெளிய ஏதோ சும்மா கெடக்குற நிலம்னு நெனச்சு நூறு வருஷத்துக்கும் மேல சீகை மரம், தைல மரம், பைன்னு நட்டுத் தள்ளிட்டாங்க, சீகை தானா வேற பரவிடுச்சு. பழனி மலைல நாப்பது வருஷத்துல மலைப் புல்வெளில மூணுல ரெண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போச்சுன்னு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. இத குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்ல பாத்தா என்ன தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. 2000க்கு முன்னாடி நட்ட மரமெல்லாம் சாதாரண பச்சையா நிக்கும். அழிஞ்ச புல்வெளி மேப்ல ஒரு இழப்பாவே பதியாது, ஏன்னா புல்லு அஞ்சு மீட்டர் வளராது. யாராவது புண்ணியவான்கள் சீகைய வெட்டி எடுத்து புல்வெளிய மீட்டுக் கொண்டு வந்தா அதுதான் பிங்க்கா விழும். வரையாட்டோட கண்ணுல பாத்தா அந்த பிங்க் நல்ல செய்தி, அந்தப் பச்சை கெட்ட செய்தி.

இத நான் பெரிய விஷயமா சொல்றதுக்கு காரணம் இருக்கு. மரம் நட்டா எல்லா ஜீவனுக்கும் நல்லதுன்னு நாம எல்லாருமே சின்ன வயசுலருந்து நம்பிட்டு வந்திருக்கோம். புல்வெளிய நம்பி இருக்குற ஜீவனுக்கு அதுவே வீட்ட இடிக்கிற வேலை. கானமயிலுக்கும் இதே கதைதான், திறந்த வெளி வேணும், தூரத்துல வர்றது கண்ணுக்குத் தெரியணும். ஆக புல்வெளி, சதுப்பு, புதர்க்காடு சம்பந்தப்பட்ட இனத்துக்கு இந்த மேப்ப எடுக்காதீங்க. அதுக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட வேர்ல்ட்கவர் இருக்கு, 10 மீட்டர் கட்டம், புல்லு, புதர், பயிர், கட்டடம், சதுப்புன்னு தனித்தனியா காட்டும், 2020க்கும் 2021க்கும் இருக்கு. ஆனா அந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல வச்சு என்ன மாறுச்சுன்னு கணக்கு போடாதீங்க, ரெண்டுக்கும் வகைப்படுத்துற முறையே மாறியிருக்கு, நிலம் மாறாமயே மாறுன மாதிரி தெரியும்.

அதே எச்சரிக்கை குளோபல் ஃபாரஸ்ட் வாட்சுக்கும் உண்டு. 2001லருந்து வருஷா வருஷம் பட்டை பட்டையா கிராஃப் வரும், 2015க்கு அப்புறம் பட்டை உசந்திருந்தா உடனே அழிவு கூடிடுச்சுன்னு சொல்லிடாதீங்க, நடுவுல புது சாட்டிலைட் வந்துச்சு, கண்டுபிடிக்கிற முறையும் நல்லாச்சு, முன்னாடி தப்பிச்ச சின்னச் சின்ன இழப்பெல்லாம் இப்ப மாட்டுது. இதையும் அவங்களே எழுதி வச்சிருக்காங்க, ஆனா கிராஃப்ப விட்டு விலகி உள்ள போய் படிச்சாதான் கண்ணுல படும். கிராஃப் மேலயே பெருசா போட்டிருக்கலாம்.

22 சென்ட் கட்டத்துக்கு வர்றேன். இருவாச்சி தெரியும்ல, அதுல தலைல கெட்டியான கொம்பு வச்ச ஒரு இனம் போர்னியோ, சுமத்ரா, மலேய தீபகற்பம் பக்கம் இருக்கு, 2015ல மிக அருகிய இனம்னு அறிவிச்சாங்க. அந்தக் கொம்புக்காக வேட்டையாடுறதுதான் முக்கிய காரணம், ஆனா கூடு கட்டறதுக்கு ரொம்பப் பெரிய, வயசான, பொந்து விழுந்த மரம்தான் வேணும். பொந்துக்குள்ள பெண் பறவை போய் வாசல மண்ணும் எச்சமும் வச்சு அடைச்சுக்கும், ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும், ஆண் பறவை வெளிய இருந்து அது வழியா மாசக்கணக்குல ஊட்டும். அந்த ஒரு மரத்த ஒருத்தன் வந்து வெட்டிட்டுப் போனா என்ன ஆகும். சுத்தி இருக்குற மரம் எல்லாம் அப்படியே நிக்குது, கட்டம் பச்சையாவே இருக்கும். மேப்ல எதுவும் நடக்கல. ஒரு ஜோடிக்கு மட்டும் எல்லாம் நடந்துடுச்சு.

அடுத்து, எவ்ளோங்கறத விட எங்கங்கறது முக்கியம். ஆயிரம் ஹெக்டேர் காட்டோட ஓரத்துல போறதும், ரெண்டு பெரிய காட்ட இணைக்கிற ஒடுக்கமான வழில போறதும் கிராஃப்ல ஒரே நீளப் பட்டைதான். மிருகத்துக்கு ஒண்ணுல மேய்ச்சல் குறையும், இன்னொண்ணுல ஜோடி தேடிப் போற வழியே அடைஞ்சுடும். மிச்சம் இருக்குற உலகக் காட்டுல 70% ஏதோ ஒரு காட்டு விளிம்புலருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் இருக்குன்னு 2015ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, விளிம்புன்னா வெயில், காத்து, நாய், கண்ணி, எல்லாம் உள்ள வர்ற இடம். இத எல்லாம் மேப் கணக்கு போட்டுத் தராது, ஆனா கண்ணால பாக்கலாம், ஜூம் பண்ணி பிங்க் புள்ளி ஒரு ரோட்டு ஓரமா வரிசையா முளைக்குதான்னு பாருங்க, மீன் முள்ளு மாதிரி பிரிஞ்சு போகுதான்னு பாருங்க. சரியான ஆளுங்க கைல இந்த டேட்டா எவ்ளோ பேசும்கறதுக்கு புலிய பத்தின 2016 ஆய்வு நல்ல உதாரணம். 76 புலி நிலப்பரப்ப இதே ஹான்சன் டேட்டா வச்சு பாத்தாங்க, 2001லருந்து 2014 வரைக்கும் மொத்த இழப்பு 8%க்கும் கம்மி, எதிர்பாத்தத விட குறைவு, அந்த இழப்பும் கிட்டத்தட்ட முழுசா பத்தே பத்து நிலப்பரப்புல குவிஞ்சு கெடந்துச்சு. எங்க காவல் போடணும்னு அதுவே சொல்லிடுச்சு.

காலத்தோட பிரச்சனையும் ஒண்ணு இருக்கு. ஒராங் ஊத்தான்னா மலாய் மொழில காட்டு மனுஷன், அதுக்கும் பேர்லயே வீடு. ஒரு தாய் ஒரு குட்டி போட்டா அடுத்தது போட ஏழெட்டு வருஷம் ஆகும். அதோட ஒரு தலைமுறைன்னா 25 வருஷம், சிவப்புப் பட்டியலுக்கு மூணு தலைமுறை பாக்கணும், 75 வருஷம். மேப் ஆரம்பிக்கிறதே 2001ல. அதுக்கு முன்னாடி போன காடு இதுல கிடையாது, போன காட்டுக்கான விலைய அந்த ஜீவன் இன்னும் முழுசா கொடுத்து முடிக்கவும் இல்ல, மிச்சக் காட்டுல நெருக்கிக்கிட்டு கொஞ்ச காலம் இருக்கும், அப்புறம் மெல்ல மெல்ல குறையும். அதோட போர்னியோல 1999லருந்து 2015க்குள்ள ஒரு லட்சத்துக்கும் மேல ஒராங் ஊத்தான் போயிடுச்சுன்னு 2018ல வந்த ஆய்வுல என்ன உலுக்குனது எது தெரியுமா, வேகமா குறைஞ்சது காடழிச்ச இடத்துலதான், ஆனா எண்ணிக்கைல பெரும்பங்கு போனது காடு இன்னும் நின்னுக்கிட்டு இருக்குற இடத்துல, கொன்னதால. மேப்ல அந்த இடமெல்லாம் நல்ல அடர் பச்சை.

இவ்ளோ சொல்லியும் நான் அஞ்சுக்கு நாலு கொடுக்குறேன்னா அதுக்கு பெரிய காரணம் அலர்ட். வருஷக் கணக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்கும், அலர்ட் அப்படி இல்ல. ஒரு இடத்த வரைஞ்சு சேவ் பண்ணி வச்சா அங்க புதுசா மரம் போன அடையாளம் தெரிஞ்சதும் மெயில் வந்துடும், இதுக்கு லாகின் வேணும். லேண்ட்சாட் மட்டும் இருந்தப்ப மழைக்காலத்துல மேகம் மறைச்சுடும், இப்ப சென்டினல் ஒன் சாட்டிலைட்டோட ரேடார் வச்சு வர்ற அலர்ட்டும் சேந்திருக்கு, ரேடாருக்கு மேகமும் ராத்திரியும் தடை இல்ல, 10 மீட்டர் அளவுல பாக்குது. ஃபாரஸ்ட் வாட்ச்சர்னு மொபைல் ஆப்பும் இருக்கு, முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கிட்டா சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளயும் அந்தப் புள்ளிக்கு நடந்து போய் பாத்து போட்டோ எடுத்து பதிவு பண்ணலாம்.

இதனால நிஜமாவே ஏதாவது மாறுச்சான்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு ஆய்வு சொல்றேன், ரெண்டுமே 2021ல வந்தது. 22 வெப்பமண்டல நாடுகள்ல அலர்ட் யூஸ் பண்ணதோட விளைவ பாத்தாங்க, ஆப்பிரிக்காவுல அலர்ட் வேணும்னு பதிவு பண்ணி வாங்குன இடங்கள்ல காடழியிற வாய்ப்பு 18% குறைஞ்சுது, தென் அமெரிக்காவுலயும் ஆசியாவுலயும் அப்படி எதுவும் தெரியல. அலர்ட் வந்தா போதாது, வந்ததும் எழுந்து போற ஆள் இருக்கணும். அது எப்படிங்கறது ரெண்டாவது ஆய்வுல இருக்கு, பெரு நாட்டு அமேசான்ல லொரேட்டோ பகுதி பழங்குடி கிராமங்கள்ல நடந்தது. அங்க இன்டர்நெட் கிடையாது. அதனால மாசத்துக்கு ஒரு தடவ ஒரு ஆள் படகுல ஆத்து வழியா போய் அலர்ட் படங்களயும் ஜிபிஎஸ் புள்ளிகளயும் பென்டிரைவ்ல கொண்டு போய்க் கொடுப்பாரு. கிராமத்துல இதுக்குன்னு பயிற்சி கொடுத்து சம்பளம் போட்டு வச்சிருந்த மூணு பேர் அத ஃபோன்ல ஏத்திக்கிட்டு அந்த இடத்துக்கு நடப்பாங்க, பாத்துட்டு வந்து ஊர்க்கூட்டத்துல சொல்லுவாங்க, என்ன பண்றதுன்னு ஊரே முடிவு பண்ணும். அலர்ட் போகாத கிராமங்களோட ஒப்பிட்டா மரப்போர்வை இழப்பு முதல் வருஷம் 52% குறைஞ்சுது, அடுத்த வருஷம் 21%.